நெட்டச்சிக்கு ஒரு முகம்

மாத்தளையில் இறந்துபோனவர்களுக்குக் கோட்டு மாட்டிவிடுவது ஜீவராஜின் தொழில். இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்துவருகிறார். பிரதான வீதியில் துணிக்கடைக்கும் பல் வைத்தியருக்கும் இடையில் ஒடுங்கிய மாடிப்படி ஒன்று ஏறும்; ஏறி முடிந்தால் சாலிஹ் ஸ்டூடியோ. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ யாராவது இரண்டு பேர் அந்தப் படியேறி வருவார்கள். கையில் அடையாள அட்டை இருக்கும். அதுவும் இல்லையென்றால், யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படத்தில் பத்துப் பேருக்குப் பின்னால் பாதித் தலையாக நிற்கும் ஓர் உருவத்தை விரலால் தொட்டுக் காட்டுவார்கள். அந்தப் பாதித் தலையிலிருந்து ஜீவராஜ் ஒரு முழு ஆளைச் செய்து கொடுக்க வேண்டும்.

கணினிக்குள் பதினொரு கோட்டுகள் வைத்திருக்கிறார். ஏழு பட்டுச் சேலைகள். உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூடக் கோட்டுப் போடாத மனிதர்கள், போன பிறகு அதைப் போட்டுக்கொண்டு சுவரில் ஏறுகிறார்கள். பெண்களின் படம் வந்தால், "பொட்டு இருக்கட்டுங்களா, எடுத்துருவமா?" என்பது அவர் கேட்கும் முதல் கேள்வி. புருஷன் இருக்கும்போது போனவளுக்குப் பொட்டு இருக்கும், இல்லாதவளுக்கு எடுத்துவிடுவார். இந்த விஷயத்தில் தன் அபிப்பிராயம் எதையும் அவர் சேர்ப்பதில்லை.

முகத்தை வரவழைக்க அவரிடம் ஒரு முறை உண்டு. வந்தவர்களைத் தன் முதுகுக்குப் பின்னால் வாங்குப் பலகையில் உட்காரவைத்து, திரையில் ஒரு முகத்தைச் செய்து காட்டிக் கேட்டுக்கொண்டே போவார்.

"மூக்கு இப்படியா?"

"இல்லீங்க. இன்னும் கொஞ்சம் சப்ப."

"இப்ப?"

"இப்ப எங்க பெரியப்பா மாதிரி வந்துருச்சி."

"பெரியப்பாவும் தவறிட்டாரா?"

"இல்ல, கீழ த்ரீவீல்ல இருக்காரு."

இப்படி ஒரு மணி நேரம், சில சமயம் இரண்டு மணி நேரம் போகும். பிறகு ஒரு கட்டத்தில் பின்னால் பேச்சு நின்றுவிடும். யாராவது ஒருவர் விம்முவார். ஜீவராஜ் அந்த நொடியே கையை எடுத்துவிடுவார். அழுகை வந்தால் முகம் வந்துவிட்டது. வேறு அளவுகோல் அவருக்குத் தெரியாது, இத்தனை வருடத்தில் தேவைப்படவும் இல்லை. அந்த அழுகை எதற்காக வந்தது என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது.

இது அவருடைய பிழைப்பு. அவருக்கென்று இருந்தது நெட்டச்சி ஒருத்திதான்.

ஜீவராஜ் பிறந்தது யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில். தேயிலைத் தோட்டம் அல்ல. கொக்கோவும் மிளகும் ரப்பரும் கலந்த பழைய தோட்டம். அப்பா பொன்னையா விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார். ஜீவராஜ் பதினேழு வயதில், ஏ.எல். உயர்தரப் படிப்பை எடுப்பதா விடுவதா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு பெரிய சீ.ஆர். கொப்பியில் பென்சிலால் ஒரு கதையை வரையத் தொடங்கினார். அதில் வருகிறவள்தான் நெட்டச்சி. ஏழடி உயரம். பத்தொன்பது இருபது வயது. மிளகுக் கொடியில் ஏணி வைக்காமல் காய் பறிப்பாள். காற்றுக்குக் கூரைத் தகரம் கிளம்பினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பலாமரத்தில் ஏறிவிட்ட பூனை, கம்பியில் மாட்டிக்கொண்ட பட்டம், கோயில் மணியின் அறுந்த கயிறு, எல்லாவற்றுக்கும் அவள்தான். ஊரில் எல்லோரும் அவளை எட்டி எடுக்கக் கூப்பிட்டார்கள். உட்காரச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை. கதை அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்று பக்கங்கள் வரைந்தார். அவற்றில் ஒன்றில்கூட நெட்டச்சியின் முகம் இல்லை. கட்டத்தின் மேல்விளிம்பு அவள் தோளோடு முடிந்துவிடும், அல்லது இலை மறைக்கும், அல்லது அவள் அப்பால் திரும்பி நிற்பாள். இது கெட்டிக்காரத்தனம் இல்லை. முகம் வரைய அவருக்கு வராது, அதனால் செய்த தந்திரம். ஆனால் நாற்பத்து நான்காம் பக்கத்தில் தந்திரம் பலிக்கவில்லை. அங்கே ஒரு வீட்டுக்காரி, கூரையைச் சரிசெய்துவிட்டுப் புறப்படப்போன நெட்டச்சியிடம், "உக்காந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ புள்ள" என்கிறாள். கதிரை போடுகிறாள். நெட்டச்சி உட்காருகிறாள். உட்கார்ந்ததும் அவள் தலை எல்லோருடைய தலையும் இருக்கும் உயரத்துக்கு வந்துவிடுகிறது. இனி முகத்தைக் காட்டாமல் இருக்க முடியாது. ஜீவராஜ் ஒரு முட்டை வடிவம் போட்டார். அதற்குள் எதுவும் போடவில்லை. கதை அங்கேயே நின்றது.

முகம் தெரியாமல் நின்றதாக நினைக்கக் கூடாது. தெரியாதது கைக்குத்தான். கண்ணை மூடினால் அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள், அவ்வளவு தெளிவாக. கை தேறட்டும், பிறகு போடலாம் என்று கொப்பியை மூடி வைத்தார்.

கை தேறியது. டவுனுக்கு வந்து மூன்று வருடம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். பிறகு சாலிஹ் ஸ்டூடியோ. நாலாயிரம் முகங்களுக்குக் குறையாமல் அவர் விரல் வழியாகப் போயிருக்கும். அந்த நாட்களில் எப்போது உட்கார்ந்திருந்தாலும் நெட்டச்சியின் முகத்தை ஓர் அரை மணி நேரத்தில் போட்டிருப்பார். போடவில்லை. சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. முடிக்காத ஒரு காரியம் கையில் இருக்கும்வரை நாம் இன்னும் வந்து சேராத ஒருவராக இருக்கலாம். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. ஜீவராஜ் இதை இப்படி யோசித்தாரா என்பது வேறு விஷயம். யாராவது கேட்டால், "நல்லா ஓய்வா ஒரு நாள் கெடைக்கணும்" என்பார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் மாசி மகத் தேருக்குப் பேனர் கட்ட ஏறியபோது ஏணி சரிந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கட்டு இருக்க வேண்டும் என்றார்கள். நாலாம் கிழமையே ஓடர்கள் குவிந்துவிட்டன என்று கத்தரிக்கோலால் தானே வெட்டி எடுத்துவிட்டார். குற்றம் முழுவதும் அவருடையதுதான், மறுக்கவும் மாட்டார். மவுசைப் பிடித்து நகர்த்தக் கை வளைகிறது. பென்சிலைப் பிடித்தால் கோடு நடுங்கிப் பிசிறிவிடுகிறது.

அதன்பிறகு நெட்டச்சியைப் பற்றி வீட்டில் பேச்சு இல்லை. அவர் மனைவி விஜிதா பலாபத்வலயில் பாலர் பாடசாலை ஆசிரியை. அவர்களுடைய வீடும் அங்கேதான், ஏ-நைன் ரோட்டிலிருந்து உள்ளே நாலு வீடு தள்ளி. ஒரே மகன் சீகிரியாப் பக்கம் ஹோட்டலொன்றில் வேலை செய்கிறான். கல்யாணமான புதிதில், பேசுவதற்கு வேறெதுவும் கிடைக்காத மழை நாட்களில், ஜீவராஜ் அவளிடம் நெட்டச்சியைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தார். விஜிதா அவளுக்கு "மூத்தவ" என்று பெயர் வைத்தாள். கொப்பி எங்கேயாவது கிடந்தால், "ஒங்க மூத்த தாரம் வெயில்ல காயுது, எடுத்து உள்ள வைங்க" என்பாள். விபத்துக்குப் பிறகு அந்தக் கேலியையும் அவளாகவே விட்டுவிட்டாள்.

போன வருடம் ஸ்டூடியோவுக்கு அந்தப் புதுக் கருவி வந்தது. சாலிஹ் நானா முழங்கால் நோவால் படியேற முடியாமல் போனபிறகு அவருடைய மகள் ஸரீனாதான் கடையைப் பார்க்கிறாள். சொன்னதைக் கேட்டுப் படம் போட்டுத் தரும் செயலியை அவள்தான் கணினியில் ஏற்றினாள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணம் போட, கிழிந்த படத்தை ஒட்ட என்றுதான் முதலில் பாவித்தார்கள். ஒரு மத்தியானம் வேலை இல்லாத நேரத்தில் ஸரீனா கேட்டாள்.

"அண்ணே, நீங்க முந்தி ஒரு நெட்டப் புள்ளய வரைஞ்ச கத செல்வீங்களே. அத இதுல போட்டுப் பாப்பமா?"

"கை வளையாதும்மா."

"கை எதுக்கு? வாயால சென்னாப் போதும், அது வரையும்."

"வாய் இருந்தாப் போதும்னா எங்க தோட்டத்துல அம்புட்டுப் பேரும் ஆர்ட்டிஸ்ட்டுதான் தங்கச்சி."

சிரித்தார்கள். ஆனால் மறுநாள் ஜீவராஜ் கொப்பியைப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். ஸரீனா நாற்பத்து நான்காம் பக்கத்தைப் படமெடுத்து ஏற்றினாள். உயரமான தோட்டத்துப் பெண், கதிரையில் உட்கார்ந்திருக்கிறாள், முகத்தை முடித்துக் கொடு என்று எழுதினாள். அரை நிமிடத்தில் வந்தது. பச்சைப் பசேலென்று தேயிலை மலை. மூக்குத்தி. முதுகில் கூடை. முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பு.

"எங்க தோட்டத்துல தேயில ஒரு செடி கெடையாதே" என்றார் ஜீவராஜ்.

"தோட்டம்னா தேயிலன்னு அதுக்கு யாரோ செல்லிக் குடுத்தீக்கி."

"கூடையோட கதிரையில உக்காந்தா முதுகு என்னத்துக்கு ஆவும்?"

கூடையை எடுக்கச் சொன்னார்கள். மலையை எடுக்கச் சொன்னார்கள். சிரிக்க வேண்டாம் என்றதும் நெட்டச்சி அழுதாள். அழவும் வேண்டாம் என்றதும் முறைத்தாள். "இதுக்கு மூணே மூணு மூஞ்சிதான் தெரியும் போல" என்றார். சொல்லிவிட்டுக் கதிரையை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்படி அவர் இழுத்துப் போட்டு உட்கார்ந்ததை ஸரீனா வெகுநாளாகப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து மூன்று கிழமை. கடை வேலை முடிந்த பின்னேரங்களில் அவர் நெட்டச்சியோடு இருந்தார். கடை வேலையில் செய்கிற அதே முறைதான்; ஆனால் இப்போது பின்னால் வாங்கில் இருப்பவரும் அவரே, முன்னால் செய்கிறவரும் அவரே. தாடை இவ்வளவு கூராக இல்லை. நெற்றி இன்னும் ஏற வேண்டும். இது நல்ல வடிவு, ஆனால் இவளை யாரும் கூரை ஏறக் கூப்பிட மாட்டார்கள். முதல் நாட்களில் ஒவ்வொரு "இல்லை"யும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொல்ல முடிகிறது என்றால், எது இல்லை என்று தெரிகிறது. எது இல்லை என்று தெரிந்தால் எது என்பதும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. முப்பத்தொரு வருடம் பூட்டிக் கிடந்த அறையில் சாமான் எல்லாம் வைத்த இடத்திலேயே இருப்பது போன்ற ஒரு நிம்மதி.

எண்பது, தொண்ணூறு படம் தாண்டியபோது ஒரு சின்ன மாற்றம் வந்தது. "இல்லை" என்று சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நூற்றைம்பது தாண்டியபோது அவர் சொன்ன திருத்தங்கள் வேறு மாதிரி ஆகியிருந்தன. நேற்றைய படத்தில் கண் நன்றாக இருந்தது, அந்தக் கண்ணை இதில் வை. நூற்று முப்பதாவதில் இருந்த வாயைக் கொண்டுவா. படத்தைப் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவளோடு ஒப்பிடுவது எந்த இடத்தில் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. நின்றது என்பதே தெரியவில்லை.

மற்ற எவரைக் காட்டிலும் இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரும்புக்கடை வீரசிங்கத்தின் விஷயத்தை அவரே பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். வீரசிங்கம் தன் அப்பாவின் முதலாம் வருட நினைவுக்கு அடையாள அட்டையைக் கொடுத்துப் பெரிய படம் செய்து வாங்கிப் போனார். மூன்று வருடம் கழித்து, சட்டகத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது, இன்னொன்று வேண்டும் என்று வந்தார். ஜீவராஜ் பழைய அடையாள அட்டையின் பிரதியைத் திரையில் கொண்டுவந்ததும் வீரசிங்கம் கோபித்துக்கொண்டார்.

"இது யாருங்க? எங்க அப்பா இப்படி இல்ல."

"முதலாளி, இது நீங்க குடுத்த ஐ.சி.தான்."

"ஐ.சி.ல தப்பா எடுத்துருக்கான். எங்க அப்பா ஒங்க படத்துல இருக்கிற மாதிரிதான் இருப்பாரு. எனக்குத் தெரியாதா?"

அந்தப் படத்தில் இருந்த தாடையில் பாதி ஜீவராஜ் செய்தது. காது முழுவதும் வேறொருவருடையது. மகன் மூன்று வருடம் தினமும் அதற்கு விளக்கேற்றியிருக்கிறார். பார்த்துப் பார்த்து அதுவே அப்பாவாகிவிட்டது. கதையைச் சொல்லும்போது ஜீவராஜ், "நம்ம கைராசி அப்படி" என்று முடிப்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அடுத்தவருக்கு நடந்ததை நாம் எவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டாலும் அது நம் காலுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தைக் காட்டுவதில்லை.

இருநூற்றுப் பதினான்காவது படம் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் வந்தது. ஸரீனா கீழே பார்மசிக்குப் போயிருந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. திரையில் ஒரு பெண் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். நீண்ட முகம், சோர்ந்த கண்கள், சிரிக்கவும் இல்லை அழவும் இல்லை. ஜீவராஜ் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அவர் கண் நிறைந்துவிட்டது. தோளெல்லாம் குலுங்கிற்று. மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழக்கத்தில், விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

முகம் வந்துவிட்டது.

மூன்று கிழமையாகத் தூக்கம் சரியில்லாத, நாற்பத்தெட்டு வயதான, பென்சில் பிடிக்க முடியாத ஒரு மனிதர் பல காரணங்களுக்காக அழலாம். ஆனால் தன் தொழிலின் விதியை அவர் சந்தேகிக்கவில்லை.

ஸரீனா திரும்பி வந்து பார்த்து, "மாஷா அல்லாஹ், வடிவா வந்தீக்கி அண்ணே" என்றாள். அவர் படத்தில் முகத்தை மட்டும் வெட்டி ஃபோனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று ராத்திரி விஜிதாவிடம் காட்டவில்லை. ஒரு ராத்திரியாவது தனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தார். மறுநாள் காலை, அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது ஃபோனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது யாரு, புதுசா?" என்றாள்.

"தெரியலியா?"

"ஏதோ சீரியல்ல வர்ற புள்ள மாதிரி இருக்கு. மாமியார்க்காரி கொடுமப்படுத்துற புள்ள."

"நெட்டச்சி."

விஜிதா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினாள். விளையாட்டு போய்விட்டது. கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது மூத்தவ இல்லீங்க."

"அவ எப்படி இருப்பான்னு ஒனக்கு என்னா தெரியும்? நீ என்ன பாத்தியா?"

"நீங்க சொன்னீங்களே."

"என்னா சொன்னேன்?"

"என்ன இப்படிக் கேக்குறீங்க? ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் மேல நிக்கும்னு சொன்னீங்க, ஏதோ கேக்க வந்து கேக்காம விட்ட மாதிரி. எல்லாரையும் குனிஞ்சு பாத்துப் பாத்து மேல் இமை கனத்துப் போயிருக்கும்னீங்க. சிரிச்சா வாய் தெறக்காது, மூக்குதான் விரியும். நீங்க அத செஞ்சுகூடக் காட்டுனீங்க, நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அழகுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா ஒருக்கா பாத்தா அவகிட்டப் பொய் சொல்ல முடியாதுன்னு சொன்னீங்க. இந்தப் புள்ளகிட்ட நான் எத்தன பொய்யும் சொல்லுவேன்."

ஜீவராஜ் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவையும் தான் சொன்னதாக அவருக்கு ஞாபகமே இல்லை. யாரோ ஒருவருடைய மகளைப் பற்றி யாரோ சொல்வதைக் கேட்பது போல இருந்தது. பின்கதவுப் படியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடினார். புருவம் மேலே என்றாள், சரி. இருநூற்றுப் பதினான்காவது படத்துப் பெண் ஒரு புருவத்தை உயர்த்தினாள். இமை கனம் என்றாள். அதே பெண் இமையைத் தாழ்த்தினாள். மூக்கு விரியும் என்றாள். அதே பெண்ணின் மூக்கு விரிந்தது. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

திங்கட்கிழமை ஸ்டூடியோவில் விஜிதா சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்துப் பார்த்தார். பதினேழு படங்கள் வந்தன. பதினேழிலும் அந்தப் பெண்தான், வெவ்வேறு வேஷத்தில். எல்லாவற்றையும் அழித்துவிடு என்றார் ஸரீனாவிடம். ஃபோனில் இருந்ததையும் அழித்தார். உண்மையாகவே அழிக்கவா என்று ஃபோன் ஒருமுறை கேட்டது. ஆம் என்று அழுத்தினார். இருநூற்று முப்பத்தொரு படமும் கண்ணெதிரே போயிற்று. கண்ணை மூடினார். போகவில்லை.

"ஏன் அண்ணே மனச ஒடச்சிக்கிறீங்க?" என்றாள் ஸரீனா. "அதுவும் நல்லாத்தானே ஈந்திச்சி. அசல் மொகம் எதுன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

"அதத்தான் தங்கச்சி நானும் சொல்றேன். இனி யாருக்குமே தெரியாது."

அவள் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

இறந்தவர்களுக்கு அடையாள அட்டையாவது இருக்கிறது. கல்யாண வீட்டுப் படத்தில் பாதித் தலையாவது இருக்கிறது. இல்லாத ஒருத்தியின் முகத்துக்கு அவர் தலையைத் தவிர வேறு இடம் எங்கே இருந்தது? அந்த ஓர் இடத்துக்குள் அவரே ஆள் விட்டுத் தேடச் சொன்னார். தேடியவர்கள் எல்லாவற்றையும் மிதித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு மாதம் அவர் கருவியைத் தொடவில்லை. கடையில் அந்த வேலைகளை ஸரீனாவே செய்துகொண்டாள். கொஞ்சக் காலம் பார்க்காமல் இருந்தால் அந்தப் பெண் மங்கிப்போவாள், அடியில் இருக்கிறவள் மேலே வருவாள் என்று அவர் எண்ணியிருந்தார். அதோடு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. தன் தலை மட்டுமல்ல, விஜிதாவின் தலையும் இருக்கிறதே. அவள் அன்றைக்கு எப்படிச் சொன்னாள், ஒரு சொல் தடுக்காமல்! அவளிடம் பத்திரமாக இருக்கிறது. அவசரப்படாமல் ஒரு நாள் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்லக் கேட்டால் வந்துவிடும். கை நடுங்கினாலும் பரவாயில்லை. நடுங்கிய கோட்டிலேயே போட்டுவிடலாம்.

பௌர்ணமிப் போயா தினத்தன்று இரண்டு பேருக்கும் லீவு. காலை பத்து மணிக்கே அவர் கொப்பியை எடுத்து முன்னறை மேசையில் வைத்து நாற்பத்து நான்காம் பக்கத்தைத் திறந்தார். பென்சிலைச் சீவினார். விஜிதாவை எதிர்க் கதிரையில் உட்காரச் சொன்னார்.

"என்னங்க இது, வாக்குமூலம் எடுக்கிற மாதிரி?"

"நீ அன்னிக்கிச் சொன்னத அப்படியே சொல்லு. மெதுவாச் சொல்லு."

"மூத்தவளயா?"

"ம்."

விஜிதா சேலையைச் சரிசெய்துகொண்டு, பாலர் பாடசாலையில் கதை சொல்கிற குரலில் தொடங்கினாள். "ஒரு புருவம் கொஞ்சம் மேல. கேக்க வந்து கேக்காம விட்ட மாதிரி. இமை கனமா..." நிறுத்தினாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி தொடங்கினாள். "இமை கனமா, மொகம் நீட்டமா..."

"நீட்டம்னு அன்னிக்கு நீ சொல்லலியே."

"சொல்லலியா?"

"இல்ல."

அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். கண்ணை மூடித் திறந்தாள். இன்னொரு தடவை மூடினாள். அவள் முகம் மாறுவதை ஜீவராஜ் பார்த்தார். ஆயிரக்கணக்கான முகங்களைத் திருத்தியவருக்கு அது எதன் முகம் என்று அவள் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"என்னங்க, கோச்சுக்காதீங்க" என்றாள். "முன்னெல்லாம் நான் இதச் சொல்லும்போது எனக்குள்ள ஒருத்தி வருவா. எப்படின்னு சொல்லத் தெரியாது, ஆனா வருவா. இப்ப சொல்லுதான் வருது. ஆளு வரும்போது அந்த ஃபோன்ல பாத்த புள்ள வந்து உக்காந்துக்கிறா."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"நான் அத அவ்வளவு நேரம் பாத்திருக்கக் கூடாது" என்றாள். "அன்னிக்கே திருப்பிக் குடுத்திருக்கணும்."

"நீ என்னா பண்ணுவ? நாந்தானே கொண்டாந்து காட்டுனேன்."

"இல்லன்னு சொல்றதுக்காகத்தான் உத்து உத்துப் பாத்தேன். அவளக் காப்பாத்துறதா நெனச்சுக்கிட்டு."

"தெரியும் விஜி."

வெளியே ரோட்டில் போயாவுக்குப் பௌத்த பன்சலைக்குப் போகிறவர்கள் வெள்ளை உடுப்பில் நடந்துகொண்டிருந்தார்கள். யாரோ அவளை "டீச்சர்" என்று கூப்பிட்டுக் கையசைத்தார்கள். அவளும் கையசைத்தாள். திரும்பி உட்கார்ந்தாள். ஜீவராஜ் கொப்பியை மூடப்போனார். அவள் அவர் கையின் மேல் கை வைத்துத் தடுத்தாள்.

"மத்ததெல்லாம் இருக்குங்க. அது போகல. அந்தப் படத்துல அதெல்லாம் இல்ல தானே, அதனால போகல. சொல்லவா?"

"சொல்லு."

விஜிதா பாதத்திலிருந்து தொடங்கினாள். பெருவிரலை விட அடுத்த விரல் நீளம். கொக்கோ இலைச் சருகு மேல் நடந்தாலும் சத்தம் வராது. முழங்காலில் தகரம் கிழித்த தழும்பு, வலது காலில். பாவாடை எப்போதும் ஒரு சாண் குறை, ஏனென்றால் அவள் அளவுக்குத் துணி வாங்க வீட்டில் இருக்காது. ஜீவராஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கைகள், அந்த நீண்ட கைகள். யாராவது எதையாவது எடுத்துத் தரக் கேட்கப்போகிறார்கள் என்று எப்போதும் பாதி தூக்கினபடியே இருக்கும். தோள், இடது பக்கம் கொஞ்சம் சரிவு.

கழுத்து வரைக்கும் வந்ததும் விஜிதா நிறுத்திக்கொண்டாள்.